படகு ஓடினால்

முதல் நாள், ஞாயிறு

யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ் வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிகளைத் தாண்டித் தாண்டி வந்து குறிகட்டுவானில் நின்றது. அதற்கு அப்பால் தெரு இல்லை. எனக்கு மாற்றம் கிடைத்திருப்பது அந்த அப்பாலில், நெடுந்தீவில். வவுனியாவில் பன்னிரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். கடலைப் பார்த்த தடவைகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மாற்றக் கடிதம் வந்த அன்று அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க ஆக்கள் இருக்கினமோ பிள்ளை?"

இருக்கிறார்கள், சுமார் 4000 பேர். அதில் நூறு பேராவது இன்று இறங்குதுறையில் நின்றிருப்பார்கள்.

அங்கே இரண்டு வரிசை. ஒன்று நயினாதீவுக்கு. பட்டுச் சேலைகள், அர்ச்சனைத் தட்டுகள், வெள்ளை உடுத்து தாமரைப்பூவோடு வந்த சிங்களக் குடும்பங்கள். நாகபூசணி அம்மனுக்குப் போகிறவர்களும் நாகதீப விகாரைக்குப் போகிறவர்களும் ஒரே படகில்தான் ஏறுகிறார்கள். மற்ற வரிசை நெடுந்தீவுக்கு. இதில் ஆட்களைவிடச் சாமான்தான் கூட. சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், மரக்கறி மூட்டை, கோழித்தீன், மோட்டார் சைக்கிள் ஒன்று, நாலு பேர் தூக்கி வந்த தண்ணீர்த் தாங்கி ஒன்று. என் இரண்டு சூட்கேஸ்களையும் பார்த்துவிட்டு ஒரு ஐயா கேட்டார்: "ரீச்சரோ, நேர்ஸோ?" சூட்கேஸோடு வருகிற பெண் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமாம்.

சோளகம் தொடங்கிவிட்டது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கில் இருந்து அடிக்கும் காற்று. வவுனியாவில் அதற்குப் பெயர் வெறும் காற்று. மா மரத்தை ஆட்டிவிட்டுப் போகும். இங்கே அதற்கு ஒரு ஆளுக்குரிய மரியாதை இருக்கிறது. "முன்னுக்கு இருந்தா நனைவீங்கள், பின்னுக்கு இருந்தா புகை. நடுவில இருங்கோ" என்று ஒரு அம்மா இடம் ஒதுக்கித் தந்தார். பாதித் தேசிக்காயையும் கையில் வைத்து, "இதை மணந்துகொண்டு வாங்கோ" என்றார். மணந்தேன். புங்குடுதீவின் மறைவு முடிந்து திறந்த கடலுக்குள் படகு மூக்கை விட்ட இடத்திலேயே சத்தி வந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பொலித்தீன் பை மட்டும் கை மாறிக் கை மாறி என் மடிக்கு வந்தது.

மாவிலித்துறையில் இறங்கியதும் ஒரு நினைவிடம். போன மாதம் போட்ட மாலைகள் காய்ந்து கிடந்தன. 1985 மே 15 அன்று இங்கிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நான் பிறந்தே இருக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்காமல் வளரவும் இல்லை. எனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான்: படகைத் திருத்தித் திரும்பவும் ஓட விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் வருடக்கணக்காக இந்தச் சனம் அதே குமுதினியில் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்திருக்கிறது. தேசிக்காய் தந்த அம்மா அந்த இடத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு, தன் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தார்.

இரண்டாம் நாள், திங்கள்

பாடசாலைக்குப் போய் ஒப்பமிட்டேன். மற்றதெல்லாம் தண்ணீர்.

நான் இருக்கும் அறை ஒரு ஆச்சியின் வீட்டில். பின்னால் கிணறு, துலா இல்லை, கப்பி உண்டு. காலையில் அள்ளிக் குளித்தேன்; சவர்க்காரம் நுரைக்கவே இல்லை. தேத்தண்ணி வைத்தேன், உப்புக் கரித்தது. பருப்பைப் போட்டேன், ஒரு மணித்தியாலம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே கிடந்தது. ஆச்சி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பிள்ளை, இது சவர்த் தண்ணி. இதில பருப்பு இந்தப் பிறவியில அவியாது."

ஆக, மூன்று தண்ணீர். குடிக்க, சுத்திகரிப்பு நிலையத்தில் கானில் பிடித்து வருவது. சமைக்க, நல்ல தண்ணிக் கிணற்றில் இருந்து வருவது. குளிக்கவும் தோய்க்கவும் வீட்டுக் கிணறு. மூன்றுக்கும் மூன்று நிறத்தில் வாளி. நல்ல தண்ணிக்குப் பெயர் போனவை சாராப்பிட்டிக் கிணறுகள். கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரம், ஆனால் உப்பு இல்லை.

இதற்கு விளக்கம் விஞ்ஞான சேர் சொன்னார். தீவு முழுக்கச் சுண்ணாம்புக் கல். மாரியில் பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல் நீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. பாரமான உப்புத் தண்ணீர் கீழே, பாரம் குறைந்த நல்ல தண்ணீர் மேலே. மேலோட்டமாக அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். மோட்டர் போட்டு இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பிறகு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆச்சியிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன். "ஓம், வாளியால அள்ளினாக் கிணறு பொறுக்கும். மோட்டர் போட்டாக் கோவிக்கும்" என்றார். எனக்கு இந்த விளக்கம்தான் கூடப் பிடித்தது.

மூன்றாம் நாள், செவ்வாய்

பத்தாம் வகுப்பில் ஏழு பேர். வவுனியாவில் நாற்பத்திரண்டு. ஏழு பேருக்குப் படிப்பிப்பது சுகம் என்று நினைத்தால் தவறு. நாற்பத்திரண்டில் ஒளிந்துகொள்ள ரீச்சருக்கும் இடம் இருக்கும்.

வேகம், தூரம், நேரம். கரும்பலகையில் எழுதினேன்: ஒரு ரயில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. ஏழு பேரும் மரியாதையாக எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் ரயிலில் போனதில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 1990இல் நின்ற ரயில் 2014இல்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது, இவர்களின் தாய் தகப்பனே ரயிலைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள்தான். சரி, ரயிலை அழித்துவிட்டுப் படகு என்று போட்டேன். மாவிலித்துறையில் இருந்து குறிகட்டுவான், தூரம் 10 கிலோமீற்றர் என்று வைப்போம், வேகம் இவ்வளவு, நேரம் என்ன?

முன்வரிசைப் பெடியன் கையை உயர்த்தினான். "போகேக்கயா ரீச்சர், வரேக்கயா?"

இரண்டும் ஒன்றுதானே என்றேன். ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசைப் பிள்ளை பொறுமையாக விளக்கினாள். சோளகத்தில் குறிகட்டுவானுக்குப் போகும்போது காற்று முதுகில் இருக்கும், கெதியாகப் போகலாம். வரும்போது முகத்தில் அடிக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் அப்படியே மறுபக்கம். "அப்ப எந்த மாசம் எண்டும் கேள்வியில போடோணும் ரீச்சர்."

நான் வவுனியாவில் இரண்டு வாரம் தொண்டை கிழியப் படிப்பிக்கும் சார்பு வேகம், இங்கே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் பின்னங்களில் எல்லாரும் வவுனியாப் பிள்ளைகள் மாதிரியேதான்.

நாலாம் நாள், புதன்

காற்று. டீசலில் ஓடும் மின்சாரம் மாலையில் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. இந்தத் தீவுக்கும் நயினாதீவு, அனலைதீவுக்கும் இந்திய உதவியில் சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத் திட்டம் ஒன்று உண்டு. காற்றை விற்று டீசல் வாங்கலாம் போல இருக்கும் ஊரில், படகில் டீசல் ஏற்றி வந்து விளக்கு எரிப்பது யாருடைய கணக்கோ.

ஐந்தாம் நாள், வியாழன்

இன்று ஒரு குற்றம் செய்தேன்.

இங்கே மதில் என்பது முருகைக்கல். கடலுக்குள் வளர்ந்து, காலப்போக்கில் கரையேறிக் கல்லாகிப்போன பவளம். காணியைத் தோண்டினால் வருவது மண்ணல்ல, இந்தக் கல்தான். அதை எடுத்து எடுத்து ஓரத்தில் அடுக்கி, காணி காணியாகப் பிரித்து, ஒழுங்கை ஒழுங்கையாக நெடுகப் போகிறது வேலி. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் மேல் கல், கல்லின் இடுக்கில் சின்னக் கல். காற்று அதற்குள் புகுந்து போவதால்தான் சோளகத்துக்கும் விழாமல் நிற்கிறதாம். பழைய கோட்டையும் வீடுகளும் இதே கல்லில்தான். நெடுந்தீவைக் காட்டும் படங்களில் எல்லாரும் குதிரையைப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வேலிக்குத்தான் முதலிடம்.

ஆச்சியின் காணியில் இருந்து பாடசாலைக்குக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. வேலியில் ஒரு இடத்தில் மேல் கற்கள் நாலைந்தை இறக்கினால் கடப்பு மாதிரி ஆகும். கால் தூக்கி வைத்துப் போகலாம். காலையில் இறக்கினேன், போனேன். திருப்பி அடுக்க வேண்டும் என்பது தோன்றவே இல்லை. படலை இல்லாத ஊரில் கல்தான் படலை என்று யாரும் சொல்லித் தரவில்லை. இந்தத் தீவுக்குப் பசுத்தீவு என்று இன்னொரு பெயர் இருப்பதும் அப்போது தெரியாது.

பின்னேரம் திரும்பி வந்தபோது ஆச்சியின் தோட்டத்தில் ஒரு பசு, ஒரு கன்று, மூன்று ஆடுகள். ஆச்சி கான் கானாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பத்துக் கத்தரிக் கன்றில் மிஞ்சியது தண்டு. கீரைப் பாத்தி சப்பையாகக் கிடந்தது.

ஆச்சி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை வேலியடிக்குக் கூட்டிப் போய், கல்லை எப்படி அடுக்குவது என்று காட்டித் தந்தார். தட்டைக் கல் கீழே, உருண்டைக் கல் இடுக்கில், எந்தக் கல்லையும் தனியே விடக் கூடாது. மூன்று தரம் அடுக்கினேன், மூன்று தரமும் சரிந்தது. நாலாம் தரம் ஆச்சியின் எட்டு வயதுப் பேரன் வந்து அடுக்கிவிட்டுப் போனான்.

ஏழாம் நாள், சனி

சைக்கிள் இரவல் வாங்கி மேற்குப் பக்கம் போனேன். தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர். சோளகத்துக்கு எதிரே மிதித்தால் அது ஐந்நூறு.

கிழக்கு, மத்தி, மேற்கு என்று ஊரைப் பிரித்துச் சொல்கிறார்கள். யாழ் மாவட்டத்துக் கிராம சேவகர் பிரிவுகளின் இலக்கம் இங்கேதான் தொடங்குகிறது: ஜே/1 முதல் ஜே/6 வரை நெடுந்தீவு. கடைசி ஊர் என்று எல்லாரும் சொல்லும் ஊருக்கு முதல் இலக்கம்.

குதிரைகளைப் பார்த்தேன். சின்ன உடம்பு, மண் நிறம், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டமாக நின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்தவற்றின் வழி. ஒல்லாந்தரும் வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கே இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். எல்லாரும் போய்விட்டார்கள், குதிரைகள் மட்டும் எசமான் இல்லாமல் மிஞ்சிவிட்டன. தீவை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை. கொழும்பில் இருந்து வந்த ஒரு கூட்டம் அவற்றைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வறட்சி வருடங்களில் இதே குதிரைகள் தண்ணீர் இல்லாமல் செத்து விழுவதை யாரும் படகு பிடித்து வந்து பார்ப்பதில்லை. மாடு வளர்க்கும் ஒருவர் தன் மாட்டுக்கு நிரப்பிய தொட்டியில் குதிரைக்கும் ஒரு பங்கு விடுவதாகச் சொன்னார். "அதுகளும் வந்து மாட்டுப்பட்டதுகள்தானே ரீச்சர்" என்றார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

பெருக்கமரம் பார்த்தேன். ஆபிரிக்க மரம், அரபு வணிகர்களோடு வந்தது என்பார்கள். அடியில் உள்ள பொந்துக்குள் நுழைந்து நின்றபோதுதான் ஒரு வாரத்தில் முதல் தடவையாகக் காதில் காற்றுச் சத்தம் நின்றது. வெளியே வர மனமில்லை. வளரும் கல் என்று ஒன்றையும் காட்டினார்கள். வருடா வருடம் உயர்கிறதாம், மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். கணித ரீச்சர் அளவுநாடா எடுத்துப் போகவில்லை. வெடியரசன் கோட்டை என்ற இடத்துக்கும் போனேன், கற்குவியல்தான். வெடியரசன் கதையை ஆச்சி சொல்லக் கேட்பது நேரில் பார்ப்பதைவிடச் சுவை.

எட்டாம் நாள், ஞாயிறு

இரவு கடற்கரையில் நின்றால் தொலைவில் விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. முதலில் ஒரு ஊர் என்றே நினைத்தேன். "அது இந்தியாவின்ர றோலர்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. சின்னப் படகில் வலை போடுகிறவர். அந்த இழுவைப் படகின் மடி கடல் அடியை வழித்துக்கொண்டு போகும்போது இவரின் வலையும் சேர்ந்து போய்விடுகிறது. இரண்டு தரம் போயிருக்கிறதாம். கோபமாகத்தான் சொன்னார். அதே மனிதர் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் ராமேஸ்வரத்து ஆட்களோடு ஒரே கொட்டிலில் படுத்து, சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் மாற்றிக்கொண்ட கதையைச் சொல்லும்போது சிரித்தார். கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குக் கீழேதான் வருகிறது. செய்திகளில் எவ்வளவோ கேட்டிருந்தும் இது எனக்குத் தெரியாது. அவர் வீட்டு ரேடியோவில் அப்போது ஓடிக்கொண்டிருந்ததும் தமிழ்நாட்டு நிலையம்தான்.

பதினோராம் நாள், புதன்

இரண்டு நாளாகப் படகு இல்லை. கடல் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது.

முதல் நாள் யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் நாள் கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தவிர ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளுக்கு வெங்காயமும் இருக்காது என்று கடைக்காரர் ஏதோ பெருமை போலச் சொன்னார். அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவம் மேசையில் காற்றுக்குக் கல் வைத்துக் கிடக்கிறது. ஒழுங்கையில் எங்கும் ஒரே வசனம். சீமெந்து வருமோ? படகு ஓடினா. கல்யாண வீட்டுக்குப் போறியளோ? படகு ஓடினா. எதிர்காலம் பற்றி எதைக் கேட்டாலும் இந்தச் சனத்துக்கு அது முற்றுப்புள்ளி மாதிரி. எங்கள் ஊரில் "கடவுள் சித்தம்" என்பார்கள். இது அதைவிடத் துல்லியமானது, ஏனென்றால் கடவுளைப் போலன்றிப் படகைத் துறையில் போய்ப் பார்க்கலாம்.

முன் வீட்டுப் பிள்ளைக்கு இது எட்டாம் மாதம். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய் இருக்கப் போகிறாளாம், பிள்ளை பிறக்கும் வரைக்கும். இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, அவசரத்துக்குக் கொண்டுபோகப் படகும் இருக்கிறது. ஆனால் நடுச்சாமத்தில் சோளகத்தோடு பேரம் பேச முடியாது. "எங்கட வீட்டில முந்தி எல்லாரும் இங்கதான் பிறந்தது. இப்ப எல்லாரின்ர பிறப்புப் பத்திரத்திலயும் யாழ்ப்பாணம்" என்றார் அவளுடைய மாமியார். அதை முறைப்பாடாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை.

மாலையில் ஆச்சி அடுக்குப் பெட்டியில் இருந்து ஒடியல் மாவை எடுத்தார். ஒடியல் என்பது பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தது. இடித்து மாவாக்கி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. படகை நம்பாத ஒரே சாப்பாடு. மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்புப் போக வடித்து, செத்தல் மிளகாய் அரைத்து, புளி கரைத்து, அண்ணை கரையோரத்தில் பிடித்து வந்த நாலு நண்டு, கருவாடு, முருங்கையிலை. பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட வேண்டுமாம், அவை படகில் வருகிறவை, ஆகவே இல்லை. பனையோலையைக் கோலிப் பிளா செய்து ஆளுக்கு ஒன்று. மூக்கால் தண்ணீர் ஓட ஓட மூன்று பிளா குடித்தேன். வவுனியாவில் ஹோட்டல் கூழ் குடித்திருக்கிறேன். அது கூழ் என்றால் இதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

கடைசியில் ஆச்சி மெதுவாகச் சொன்னார்: "கத்தரிக்காய் இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்." கூழுக்குக் கத்தரிக்காய் போடுவதில்லை என்று எனக்கே தெரியும்.

பதின்மூன்றாம் நாள், வெள்ளி

நேற்றுப் பின்னேரமே காற்று கொஞ்சம் தணிந்தது. இன்று பாடசாலை விட்டதும் ஊருக்குப் போகிறேன். திங்கள் வர வேண்டும். வருவீர்கள்தானே என்று அதிபர் கேட்டார். பதிலை அவரும் நானும் ஒன்றாகவே சொன்னோம்.

வரும்போது இரண்டு சூட்கேஸ். போகும்போது ஒரு சின்னப் பையும் ஒரு கடுதாசியும். கடுதாசியில் இருப்பவை: ஆச்சிக்குப் பிரஷர் குளிசை, பழைய அட்டையைக் காட்டி அதே நிறத்தில். பத்தாம் வகுப்புக்கு வினாத்தாள் ஏழு பிரதி. பக்கத்து வீட்டு அண்ணைக்கு நைலோன் நூல், தடிப்பும் இலக்கமும் அவரே எழுதியிருக்கிறார். விஞ்ஞான சேருக்கு சைக்கிள் ரியூப். முன் வீட்டுப் பிள்ளைக்கு நெல்லிக்கிரஷ். கத்தரிக் கன்று பத்து, இதை யாரும் எழுதச் சொல்லவில்லை.

கடைசி வரி பத்தாம் வகுப்பின் கையெழுத்து. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியாவுக்கு ரயிலில் போகிறேன் என்று தெரிந்ததும் ஏழு பேரும் கூடிக் கதைத்து எழுதியது. கொடிகாமம், பளை, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், ஓமந்தை. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை நிமிடம் பிந்தியது. கீழே அடைப்புக்குறிக்குள்: காற்று எந்தப் பக்கம்.

படகில் நடுவில் இடம் பிடித்தேன். தேசிக்காய் பையில் இருந்தது. புறப்படப் போகிற நேரம் துறையில் நின்ற ஒரு அம்மா, முன்பின் பார்த்ததில்லை, எட்டி ஒரு பொதியை என் மடியில் வைத்தார். சூடாக இருந்தது, மீன் பொரியல் வாசம். "ரீச்சர், குறிகட்டுவானில என்ர தம்பி நிப்பான். நீலச் சேட்டு. குடுத்துவிடுங்கோ."

முக்கால் மணித்தியாலம், காற்று முதுகில். சத்தி வரவில்லை. குறிகட்டுவான் துறையில் நீலச் சேட்டோடு மூன்று பேர் நின்றார்கள்.